எடைமேடையில் மூன்று பேர்

உறை கதவடியில் கிடந்தது.
கீழே சைக்கிள் கடை. மேலே எங்கள் நாளிதழின் கிளை:
ஒரு மேசை, ஒரு விசிறி,
கோலாலம்பூர் எப்போதாவது எடுக்கும் ஒரு தொலைபேசி.

உள்ளே செம்பனை ஆலையின் எடைச்சீட்டுகள், நாற்பத்தொன்று.
மேடை காட்டிய எடை ஒன்று,
சிறுதோட்டக்காரர் கைக்குப் போன எடை வேறு.
லோரிக்கு முந்நூறு கிலோ காற்றில் போயிருந்தது.
ஒரு வாரம் வெயிலில் கிடந்தாலும்
குலை அவ்வளவு வாடாது.

ஓரத்தில் பென்சிலில் கூட்டல்.
அதில் ஓர் ஏழு.
இடுப்பில் கோடு போட்ட ஏழு.
ஏழுக்கு அரைஞாண் கட்டுபவர் இந்த ஊரில் யாரென்று
எனக்கே தெரியும் என்றால்
மானேஜருக்குத் தெரியாதா?

நகல் எடுக்க ஒரே கடைதான்,
ஆ கியோங்குடையது. ஆலைக்குத் தாள் விற்பவர்.
ஆகவே விசிறியை நிறுத்திவிட்டு
நாற்பத்தொன்றையும் என் கையெழுத்தில் எழுதினேன்,
என் ஏழுகளோடு, சுராவில் பாங்கு ஒலிக்கும்வரை.
அசல் எங்கே என்று கேட்காதீர்கள்.

சீட்டை மட்டும் நம்பி அச்சேற்ற முடியாது.
சந்தனசாமியின் லோரியில் ஏறிக்கொண்டேன்.
முதலில் அடுத்த ஊர் ஆலையில் எடை, பிறகு இங்கே.
முந்நூற்றுப் பத்து.
காற்றுக்கு அன்றும் நல்ல பசி.

ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்: "ஆள் யாரு?"
நான் வாய் திறக்குமுன் அவரே,
"வேணாம், சொல்லாதே.
கூண்டில ஏத்துனா எனக்குப் பொய் வராது."

வியாழக்கிழமை, நான்காம் பக்கம்,
தங்கவிலைக்குக் கீழே வந்தது.
அடுத்த மாதம் மேடைக்குப் புது முத்திரை வைத்தார்கள்.
சிறுதோட்டக்காரர்கள் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார்கள்.
குடித்தேன். வாங்கித் தரவேண்டிய ஆளுக்கு
யாரும் வாங்கித் தரவில்லை.

எடை அறையில் வேலை பார்ப்பவர் மூவர்.
இரண்டு ஆண், ஒரு பெண்.
அவன் என்று எழுதினால் ஒருவர் தப்பிவிடுவார்,
அவள் என்று எழுதினால் ஒருவர் மாட்டிக்கொள்வார்.
நல்லவேளை, தமிழில் 'அவர்' இருக்கிறது.
உறையைக் கொடுத்தவரை
அந்த ஒரு சொல்லுக்குள் குடிவைத்திருக்கிறேன்.

பரஞ்சோதியைத்தான் மாற்றினார்கள்.
பகாங் எல்லையில் ஏதோ தோட்டம், பாதிச் சம்பளம்.

அவர் மனைவி குணவதி படியேறி வந்தார்.
நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.
"யாருன்னு நான் கேக்கல சார்.
இவரு இல்லன்னு ஒரு வரி போடுங்க. போதும்."

ஒரு வரிதான்.
மூன்றில் ஒன்றைக் கழித்தால் இரண்டு.
இரண்டு பேருக்கு நடுவே மறைய இடமேது?
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.
இவ்வளவு பெரிய மௌனத்தை வைத்துக்கொண்டு
அதைத்தான் கேட்டேன்.

அவர் இறங்கிப் போனார்.
நான்காம் படியில் ஒருமுறை நின்றார்,
கூப்பிடுவேனென்று நினைத்திருக்கலாம்.

பரஞ்சோதி இல்லை என்று
நான் இங்கேயும் சொல்லவில்லை, கவனியுங்கள்.
ஆம் என்றும் சொல்லவில்லை.
பசார் மாலாமில் மூவரில் யாரைப் பார்த்தாலும்
ஒரே அளவுதான் தலையசைக்கிறேன்,
கூடினாலும் குறைந்தாலும் எடை பார்க்க ஆளிருக்கிறது.

ஒன்று மட்டும் செய்தேன்.
அன்றிலிருந்து நானும் ஏழுக்குக் கோடு போடுகிறேன்.
வங்கிச் சீட்டில், கோயில் நன்கொடைப் புத்தகத்தில்,
பாக்கி எழுதும் மளிகை நோட்டில்.
சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு
"நல்லாருக்கே" என்று
பங்சர் கணக்கில் அவரும் போடத் தொடங்கினார்.

இப்போது மூன்று பேர்.
இன்னும் போதாது.